வழுநீக்கியும் மூலக்கோப்பும்: அடுக்குச் சட்டகத்துக்கு உரிய மூலத்தைக் கண்டறிந்த வரலாறு

வழுநீக்கி என்பது ஓடிக்கொண்டிருக்கும் கணினி நிரலை இடையில் நிறுத்தி, அதன் உள்நிலையை நிரலருக்குக் காட்டும் மென்பொருள் கருவியாகும். டீபக்கர் என்ற ஆங்கிலப் பெயராலும் இது அறியப்படுகிறது. நிரல் நின்ற இடத்தில் எந்தச் செயற்கூறு இயங்கிக்கொண்டிருந்தது, அதை அழைத்தது எது, அந்த அழைப்பு எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியில் உள்ளது ஆகிய விவரங்களை வழுநீக்கி அடுக்குச் சட்டகங்களாக வரிசைப்படுத்தித் தருகிறது. அந்தக் கோப்பைத் திறந்து, உரிய வரியை நிரலருக்குக் காட்டுவது முகப்பு நிரலின் வேலை.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலை, வழுநீக்கி எழுதுவோருக்கு 1980களிலிருந்து இன்றுவரை சிக்கல் கொடுத்து வந்துள்ளது. இயங்குகோப்புக்குள் வழக்கமாக மூலக்கோப்பு இருப்பதில்லை. தொகுத்த நாளில் அந்த மூலக்கோப்பு இருந்த முகவரி மட்டுமே அதில் பதிந்திருக்கும். வீடு மாறிப் போனவருக்குப் பழைய முகவரியில் கடிதம் எழுதினால் அது திரும்பி வரலாம். அல்லது அந்த வீட்டில் இப்போது குடியிருக்கும் வேறொருவர் கைக்குப் போகலாம். வழுநீக்கியிலும் இவ்விரண்டும் நடக்கின்றன. மூலக்கோப்பு கிடைக்காமல் போவது ஒரு சிக்கல். தவறான மூலக்கோப்பு கிடைப்பது அதைவிடப் பெரிய சிக்கல். இவ்விரண்டையும் தீர்க்க எடுத்த முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அடுக்குச் சட்டகம்

ஒரு செயற்கூறு இன்னொரு செயற்கூறை அழைக்கும்போது, வேலை முடிந்தபின் எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் கணினி குறித்துவைக்க வேண்டும். ஆலன் டூரிங் 1946இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் முன்வைத்த ஏஸ் கணினித் திட்டத்தில், இச்செயலுக்குப் புதைத்தல், தோண்டியெடுத்தல் எனப் பொருள்படும் சொற்களைப் பயன்படுத்தினார். ஜெர்மனியில் கிளாவுஸ் சாமெல்சன், ஃபிரீட்ரிக் பாவர் ஆகியோர் அடுக்கு முறைக்கு 1957இல் காப்புரிமை கோரினர். தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறுகளை அடுக்கின் உதவியால் இயக்கும் முறையை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்.

ஒவ்வோர் அழைப்புக்கும் அடுக்கில் ஒதுக்கப்படும் பகுதியே அடுக்குச் சட்டகம். திரும்ப வேண்டிய முகவரி, அச்செயற்கூறின் உள்மாறிகள் முதலியவை அதில் இருக்கும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கூட்டுறவுச் சங்கத்தின் கடன் கணக்கைப் பார்க்கும் நிரல் ஒன்றில், முதன்மைச் செயற்கூறு அறிக்கைச் செயற்கூறை அழைக்கிறது. அறிக்கைச் செயற்கூறு வட்டிச் செயற்கூறை அழைக்கிறது. அங்கே ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுக்க நேர்ந்து நிரல் நின்றுவிடுகிறது. அப்போது வழுநீக்கி மூன்று சட்டகங்களைக் காட்டும்.

சட்டகம் 0: வட்டி, கோப்பு வட்டி.சி, வரி 42
சட்டகம் 1: அறிக்கை, கோப்பு அறிக்கை.சி, வரி 118
சட்டகம் 2: முதன்மை, கோப்பு முதன்மை.சி, வரி 27

நிரல் நின்றது வட்டி.சி கோப்பில்தான். ஆனால் சுழியம் என்ற தவறான தவணை எண்ணிக்கையை அனுப்பியது அறிக்கை.சி கோப்பாக இருக்கலாம். எனவே மேலேயுள்ள சட்டகத்தின் மூலக்கோப்பு மட்டும் கிடைத்தால் போதாது. அடுக்கிலுள்ள ஒவ்வொரு சட்டகத்துக்கும் உரிய மூலம் நிரலருக்குத் தேவைப்படுகிறது.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உள்ளன. முதலாவது, சட்டகம் 1, 2 ஆகியவற்றில் இருப்பது திரும்ப வேண்டிய முகவரி. அது அழைப்புக் கட்டளைக்கு அடுத்த கட்டளையைக் குறிக்கும். அந்த அடுத்த கட்டளை மூலத்தில் வேறு வரியைச் சேர்ந்ததாக இருக்கலாம். எனவே வழுநீக்கிகள் அம்முகவரியிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டே வரி எண்ணைத் தேடுகின்றன. இரண்டாவது, வேகத்துக்காகத் தொகுப்பி ஒரு செயற்கூறின் உடலை அழைத்த இடத்திலேயே நேரடியாகப் பதித்துவிடுவதுண்டு. அப்போது நினைவகத்தில் ஒரே சட்டகம் இருந்தாலும், வழுநீக்கி அதை இரண்டு மூன்று சட்டகங்களாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கோப்பைச் சேர்ந்தவையாக இருக்கலாம்.

எண்கள் மட்டும் இருந்த காலம்

தொடக்ககாலக் கணினிகளில் மூலக்கோப்பு என்ற கருத்தே இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை இயக்கியது. நிரல்கள் துளையிட்ட தாள்நாடாவில் எழுதப்பட்டன. நிரலில் பிழைகள் தவிர்க்க முடியாதவை என்பது அங்கே விரைவிலேயே தெரிந்தது. அப்பிழைகளைக் கண்டறியும் வழிகளைப் பற்றி அங்குப் பணியாற்றிய ஸ்டான்லி கில் 1951இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிரல் ஓடும்போதே அதன் ஒவ்வொரு கட்டளையையும் பின்தொடர்ந்து அச்சிடும் துணை நிரல்கள் அதில் விளக்கப்பட்டன. அச்சாகி வந்தவை கட்டளைகளும் எண்களுமே. அவற்றைத் தாளில் எழுதிய நிரலோடு ஒப்பிடுவது மனிதரின் வேலையாக இருந்தது.

1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஏடிபி என்ற வழுநீக்கி இருந்தது. இதை எழுதியவர் ஸ்டீவ் பூர்ன். செயற்கூறுகளின் பெயர்களை வரிசைப்படுத்தி அடுக்கைக் காட்ட அதனால் முடிந்தது. ஆனால் அது பொறிமொழி நிலையில் இயங்கிய கருவி. எந்தக் கோப்பு, எந்த வரி என்பதை நிரலர் தாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கோப்பின் பெயர் பதிவாகத் தொடங்கியது

மூல வரிகளைக் காட்ட வேண்டுமானால், தொகுப்பி தனக்குத் தெரிந்ததை வழுநீக்கிக்கு எழுதிவைக்க வேண்டும். அதற்கு ஒரு வடிவம் தேவைப்பட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் பாஸ்கல் மொழிக்கான பிடிஎக்ஸ் என்ற வழுநீக்கிக்காகப் பீட்டர் கெஸ்லர் உருவாக்கியதாகக் கருதப்படும் ஸ்டாப்ஸ் வடிவம் அவற்றுள் ஒன்று. 1981 முதல் 1984 வரையிலான காலத்தில் அதே வளாகத்தில் மார்க் லிண்டன் எழுதிய டிபிஎக்ஸ் வழுநீக்கி, பெர்க்கிலி யூனிக்ஸ் வெளியீடுகள் வழியே பரவியது.

ஸ்டாப்ஸ் வடிவத்தில் மூலக்கோப்பைக் குறிக்கத் தனி வகைப் பதிவு ஒன்று உண்டு. பல தொகுப்பிகள் அதை இரண்டு முறை எழுதின. முதல் பதிவில் தொகுப்பு நடந்த கோப்புறை இருக்கும். அதன் இறுதியில் சாய்கோடு வரும். இரண்டாம் பதிவில் கோப்பின் பெயர் இருக்கும். நிரலர் தொகுப்பிக்கு வட்டி.சி என்று மட்டும் சொல்லியிருந்தால், அப்பெயரை வைத்துக்கொண்டு வேறொரு கோப்புறையில் இருப்பவரால் அக்கோப்பைக் கண்டறிய முடியாது. எந்தக் கோப்புறையில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னார் என்பதும் தெரிந்தால்தான் முழுப்பாதை கிடைக்கும். கோப்புறை, கோப்புப்பெயர் என்ற இந்த இணை பிற்கால வடிவங்களிலும் தொடர்ந்தது.

குனூ திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1986இல் ஜிடிபி வழுநீக்கியை எழுதினார். டிபிஎக்ஸ் அதற்கு முன்மாதிரியாக இருந்தது. மூலக்கோப்பைத் தேட ஜிடிபி ஒரு தேடல் பாதையை வைத்துக்கொண்டது. அதில் இயல்பாக இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்று தொகுப்பு நடந்த கோப்புறை. மற்றொன்று வழுநீக்கி இப்போது இயங்கும் கோப்புறை. டைரக்டரி என்ற கட்டளையால் வேறு கோப்புறைகளையும் நிரலர் அதில் சேர்க்கலாம்.

முகப்பும் வழுநீக்கியும் பிரிந்தன

ஜிடிபி கட்டளை வரியில் இயங்கும் கருவி. நிரலரோ தம் மூலக்கோப்பை ஈமாக்ஸ் போன்ற உரைத்தொகுப்பியில் திறந்துவைத்திருப்பார். நிரல் நின்றதும் உரைத்தொகுப்பியே உரிய கோப்பைத் திறந்து, உரிய வரியின் ஓரத்தில் அம்புக்குறி காட்டினால் வேலை எளிதாகும். இந்தத் தேவையிலிருந்தே முகப்பு என்ற தனிப் பகுதி வளர்ந்தது.

இதற்காக ஜிடிபியில் ஃபுல்நேம் என்ற தொடக்க விருப்பம் சேர்க்கப்பட்டது. அதைக் கொடுத்து இயக்கினால், ஒரு சட்டகத்தைக் காட்டும் ஒவ்வொரு முறையும் ஜிடிபி தனி வரி ஒன்றை வெளியிடும். அவ்வரி 26 என்ற குறியெண் கொண்ட கட்டுப்பாட்டு எழுத்து இரண்டுடன் தொடங்கும். அதன்பின் கோப்பின் பெயர், வரி எண், கோப்பில் அவ்வரி தொடங்கும் எழுத்திடம் ஆகியவை முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு வரும். சாதாரண வெளியீட்டில் அந்தக் கட்டுப்பாட்டு எழுத்து அருகருகே இரண்டு முறை வருவது அரிது. எனவே அதைக் கண்டவுடன், இவ்வரி மனிதருக்கு உரியதன்று, தனக்கு உரியது என்று ஈமாக்ஸ் புரிந்துகொண்டது. அவ்வரியைத் திரையில் காட்டாமல் மறைத்துவிட்டு, கோப்பைத் திறந்து காட்டியது.

இந்த ஏற்பாட்டில் ஒரு முக்கியமான முடிவு அடங்கியுள்ளது. மூலக்கோப்பைத் தேடுவது வழுநீக்கியின் பொறுப்பு. திறந்து காட்டுவது முகப்பின் பொறுப்பு. அதனால் சார்புப்பாதையைத் தராமல், வழுநீக்கி தானே முழுப்பாதையைக் கண்டறிந்து தர வேண்டியிருந்தது. சிறு சிக்கல்களும் தோன்றின. விண்டோஸ் கணினிகளில் இயக்ககத்தின் பெயரை அடுத்து முக்காற்புள்ளி வரும். அதே குறியைப் பிரிப்பானாகவும் பயன்படுத்தினால் பெயர் எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் நேரும். முகப்பு எழுதுவோர் அதற்கும் இடம் விட்டுத் தம் நிரல்களை எழுத வேண்டியிருந்தது.

1990களில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டோரத்தேயா லூட்கேஹவுஸ், ஆண்ட்ரியாஸ் செல்லர் ஆகியோர் டிடிடி என்ற வரைகலை முகப்பை உருவாக்கினர். தரவு அமைப்புகளைப் படமாக வரைந்து காட்டுவது அதன் சிறப்பு. ஆயினும் வழுநீக்கி மனிதருக்காக எழுதும் வாக்கியங்களையே அதுவும் படித்துப் பொருள் கொள்ள வேண்டியிருந்தது. வாக்கிய அமைப்பு சற்று மாறினாலும் இத்தகைய முகப்புகள் தடுமாறும்.

இதைத் தவிர்க்க 2000ஆம் ஆண்டையொட்டி ஜிடிபியில் எந்திர இடைமுகம் ஒன்று சேர்க்கப்பட்டது. இது எம்ஐ எனச் சுருக்கமாக வழங்குகிறது. இதில் சட்டகம் ஒவ்வொன்றும் பெயரிட்ட புலங்களாக வருகிறது: அடுக்கில் அதன் நிலை, முகவரி, செயற்கூறின் பெயர், கோப்பு, முழுப்பெயர், வரி. கோப்பு என்பது தொகுப்பி பதிந்த பெயர். முழுப்பெயர் என்பது வழுநீக்கி கணித்த முழுப்பாதை. இரண்டும் தனித்தனிப் புலங்களாக இருப்பதால், எது பதிவு, எது கணிப்பு என்பதை முகப்பால் பிரித்தறிய முடிகிறது.

டுவார்ஃப் வடிவம்

பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் சிஸ்டம் ஐந்தின் நான்காம் வெளியீட்டுக்காக எல்ஃப் என்ற இயங்குகோப்பு வடிவம் உருவானபோது, அதற்குத் துணையாக டுவார்ஃப் என்ற வழுநீக்கத் தகவல் வடிவமும் உருவானது. எல்ஃப் என்றால் ஆங்கிலக் கதைகளில் வரும் குட்டித் தேவதை. டுவார்ஃப் என்றால் குள்ளன். பெயர் விளையாட்டாக இடப்பட்டது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் மூன்றாம் பதிப்பும், 2010இல் நான்காம் பதிப்பும், 2017இல் ஐந்தாம் பதிப்பும் வெளியாயின.

டுவார்ஃப் வடிவத்தில் தொகுப்பு அலகு ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரும், தொகுப்பு நடந்த கோப்புறையும் பதிவாகின்றன. இவற்றைத் தவிர வரி அட்டவணை என்ற பகுதி உண்டு. பொறிமொழிக் கட்டளைகளின் முகவரிகளையும் மூல வரிகளையும் இணைப்பது இதுவே. இந்த அட்டவணையை அப்படியே எழுதினால் மிகப் பெரிதாகிவிடும் என்பதால், அதை உருவாக்கிக்கொள்ளும் சிறு நிரல் ஒன்றாகச் சுருக்கி எழுதுகின்றனர். வழுநீக்கி அச்சிறு நிரலை இயக்கி அட்டவணையைப் பெறுகிறது.

இரண்டாம் பதிப்பு முதல் நான்காம் பதிப்பு வரை, கோப்புப் பட்டியலில் ஒவ்வொரு கோப்பும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் அதன் அளவையும் எழுத இடம் இருந்தது. நடைமுறையில் அவை பெரும்பாலும் சுழியமாகவே விடப்பட்டன. ஐந்தாம் பதிப்பில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எம்டி5 சரிபார்ப்பு எண்ணையும் சேர்க்க வழி செய்யப்பட்டது. இதன் தேவையைப் பின்னர் வரும் பகுதி விளக்கும்.

முகவரி பொய்க்கும் சூழல்கள்

தொகுத்த கணினியிலேயே, அதே கோப்புறையில், அதே நாளில் வழுநீக்கியை இயக்கினால் பதிந்த பாதை சரியாகவே இருக்கும். நடைமுறையில் அப்படி அமைவது குறைவு. மென்பொருளைத் தொகுக்கத் தனிச் சேவையகம் வைத்திருப்பார்கள். அங்கே உருவான தற்காலிகக் கோப்புறை வேலை முடிந்ததும் அழிக்கப்பட்டுவிடும். நிரலர் தம் மூலத் தொகுப்பை வேறு இடத்துக்கு நகர்த்தியிருக்கலாம். விண்டோஸ் கணினியில் தொகுத்த நிரலை லினக்ஸ் கணினியிலிருந்து ஆராயலாம். அப்போது சாய்கோட்டின் திசைகூட மாறிவிடும். வழுநீக்கி ஒரு கணினியிலும் முகப்பு வேறொரு கணினியிலும் இயங்கும் ஏற்பாடும் இன்று பரவலாக உள்ளது. அதில் வழுநீக்கி கண்டறிந்து தரும் முழுப்பாதை முகப்பு இருக்கும் கணினியில் பொருளற்றுப் போகலாம்.

இவற்றுக்குத் தீர்வாகப் பாதை மாற்று விதிகள் வந்தன. பாதையின் முற்பகுதி இன்னதாக இருந்தால் அதை எடுத்துவிட்டு இன்னதை வை என்று நிரலர் சொல்லலாம். ஜிடிபியில் சப்ஸ்டிட்யூட் பாத் என்ற அமைப்பும், எல்எல்டிபி வழுநீக்கியில் சோர்ஸ் மேப் என்ற அமைப்பும் இவ்வேலையைச் செய்கின்றன. விசுவல் ஸ்டுடியோ கோட், எக்லிப்ஸ் போன்ற முகப்புகளிலும் இத்தகைய வசதி உண்டு.

விதியைச் செயல்படுத்துவதில் கவனம் தேவை. /யூஎஸ்ஆர்/சோர்ஸ் என்ற முற்பகுதிக்கு விதி எழுதினால், அது /யூஎஸ்ஆர்/சோர்ஸ்/கணக்கு என்ற பாதைக்குப் பொருந்த வேண்டும். /யூஎஸ்ஆர்/சோர்ஸ்வேர்/கணக்கு என்ற பாதைக்குப் பொருந்தக் கூடாது. எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் பொருந்திவிடும். எனவே ஜிடிபி கோப்புறைப் பெயர் முழுமையாக முடியும் இடத்தில் மட்டுமே விதியைப் பொருத்துகிறது.

கோப்பு கிடைக்கவில்லை என்றால் முகப்புக்கு என்ன சொல்வது என்பதும் ஒரு கேள்வி. தொடக்கத்தில் ஜிடிபி தன்னால் கோப்பைக் கண்டறிய முடியாதபோது முழுப்பெயர்ப் புலத்தையே விட்டுவிட்டது. ஆனால் தன்னிடம் பாதை மாற்று விதிகளை வைத்திருக்கும் முகப்புக்கு, அந்தப் பழைய முழுப்பாதைதான் தொடக்கப்புள்ளி. அது இல்லையென்றால் விதியைப் பொருத்திப் பார்க்கவே வழியில்லை. பின்னர் ஜிடிபி, கோப்பு கிடைக்காவிட்டாலும் முழுப்பெயரை எப்போதும் தருமாறு மாற்றப்பட்டது. தனக்குப் பயன்படாத தகவல் அடுத்தவருக்குப் பயன்படலாம் என்ற அறிவே இம்மாற்றத்தின் அடிப்படை.

தவறான மூலம் தரும் கேடு

மூலக்கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால் நிரலருக்கு நிலைமை தெரியும். வேறு வழி தேடுவார். வேறொரு கோப்பு திறந்துகொண்டால் அவருக்கு எதுவும் தெரியாது. அங்கேதான் உண்மையான கேடு தொடங்குகிறது.

மேலே சொன்ன கடன் கணக்கு நிரலில், தொகுத்த பிறகு வட்டி.சி கோப்பின் தொடக்கத்தில் யாரோ இரண்டு வரிகள் சேர்த்துவிட்டதாகக் கொள்வோம். இயங்குகோப்பு வரி 42 என்று சொல்லும். திரையில் தெரியும் வரி 42, தொகுத்தபோது வரி 40ஆக இருந்தது. அம்புக்குறி குற்றமற்ற வரியைக் காட்டிக்கொண்டிருக்கும். இத்தகைய சூழலில் கோப்பின் நேரத்தை ஒப்பிட்டு, மூலக்கோப்பு இயங்குகோப்பைவிடப் புதியதாக உள்ளது என்று ஜிடிபி எச்சரிக்கிறது. ஆனால் கோப்புகளைப் படியெடுக்கும்போதும் பதிப்பு மேலாண்மைக் கருவியிலிருந்து எடுக்கும்போதும் நேரம் மாறிவிடுவதால், இந்த எச்சரிக்கையை முழுமையாக நம்ப முடியாது.

பெயர் ஒற்றுமையும் இதே கேட்டைத் தரும். பெரிய மென்பொருளில் பல நூலகங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் பொது.சி என்ற கோப்பு இருக்கலாம். கோப்புறைப் பெயர்களை விட்டுவிட்டுக் கடைசிப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், முதலில் கிடைக்கும் பொது.சி திறந்துகொள்ளும்.

நம்பத்தக்க வழி, உள்ளடக்கத்தைச் சரிபார்ப்பது. டுவார்ஃப் ஐந்தாம் பதிப்பின் எம்டி5 எண் இதற்காகவே உள்ளது. மைக்ரோசாஃப்டின் பிடிபி கோப்புகளிலும் மூலக்கோப்புகளின் சரிபார்ப்பு எண்களைப் பதிவு செய்ய முடியும். கிடைத்த கோப்பிலிருந்து அதே எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், அது அதே கோப்புதானா என்பது தெரிந்துவிடும்.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும்

எல்லா மொழிகளும் முழுப்பாதையைப் பதிவதில்லை. ஜாவா மொழியின் வகுப்புக் கோப்பில் மூலக்கோப்பின் பெயர் மட்டுமே இருக்கும்; கோப்புறை இருக்காது. ஆனால் ஜாவாவில் தொகுதியின் பெயரும் கோப்புறை அமைப்பும் ஒத்துப்போவது மரபு. எனவே வழுநீக்கி தொகுதிப் பெயரிலிருந்து சார்புப்பாதையை உருவாக்கி, நிரலர் கொடுத்த மூல இடங்களில் ஒவ்வொன்றாகத் தேடுகிறது. தொகுத்த கணினியின் முகவரி இதில் கலப்பதில்லை என்பதால் பழைய பாதை பற்றிய தொல்லை குறைவு. ஆனால் ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகளின் மூலம் கையில் இருந்தால், எது சரியானது என்பதைப் பெயரால் அறிய முடியாது.

இணைய உலாவிகளில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள், விரைவாகப் பதிவிறங்குவதற்காகச் சுருக்கப்பட்டு ஒரே கோப்பாக அனுப்பப்படுகின்றன. பிழை நேர்ந்தால் சட்டகம் அந்தச் சுருக்கிய கோப்பின் வரியையே காட்டும். மூலத்தோடு அதை இணைக்கச் சோர்ஸ் மேப் என்ற வரைபடக் கோப்பு பயன்படுகிறது. இதன் மூன்றாம் வடிவம் 2011இல் முன்மொழியப்பட்டுப் பரவலாயிற்று. 2024இல் எக்மா அமைப்பின் தரநிலையாகவும் வெளியானது. மூலக்கோப்புகளின் பெயர்களோடு, விரும்பினால் அவற்றின் முழு உள்ளடக்கத்தையும் இதற்குள்ளேயே வைக்கலாம். அப்படி வைத்தால் தேடும் வேலையே இல்லை.

பொதுவான உரையாடல் முறை

முகப்புகள் பல, வழுநீக்கிகள் பல என்றானபோது ஒவ்வோர் இணைக்கும் தனித்தனியாக இணைப்பு எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. 2015இல் விசுவல் ஸ்டுடியோ கோட் உரைத்தொகுப்பியை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், இதற்காக வழுநீக்க இணைப்பு நெறிமுறை ஒன்றை வகுத்தது. டிஏபி எனச் சுருக்கமாக வழங்கும் இதை இன்று பல உரைத்தொகுப்பிகள் பின்பற்றுகின்றன.

இந்நெறிமுறையில் ஒவ்வொரு சட்டகத்துடனும் மூலம் பற்றிய பொருள் ஒன்று வருகிறது. அதில் காட்டுவதற்கான பெயரும், பாதையும் இருக்கலாம். பாதைக்கு மாற்றாக ஓர் எண்ணும் வரலாம். அந்த எண் சுழியத்தைவிடப் பெரிதாக இருந்தால், முகப்பு தன் வட்டில் தேடக் கூடாது. அந்த எண்ணைக் கொடுத்து உள்ளடக்கத்தை வழுநீக்கியிடமே கேட்டுப் பெற வேண்டும். நிரல் ஓடும்போதே உருவாகும் மூலத்துக்கும் தொலைவிலுள்ள கணினியின் மூலத்துக்கும் இது ஏற்றது. சரிபார்ப்பு எண்களை அனுப்பவும், நிரலர் பெரும்பாலும் பார்க்க விரும்பாத நூலகச் சட்டகங்களை மங்கலாகக் காட்டுமாறு குறிப்பிடவும் இதில் இடம் உண்டு.

முகவரிக்குப் பதிலாக அடையாளம்

பாதையை நம்பாமல், இயங்குகோப்புக்கே மாறாத அடையாளம் ஒன்றைக் கொடுப்பது அடுத்த கட்டமாகும். 2007இல் ஃபெடோரா லினக்ஸ் திட்டத்தில் ரோலண்டு மெக்ராத் முன்னெடுத்த பில்டு ஐடி முறை இதற்கு வழிவகுத்தது. இணைப்பி தான் உருவாக்கும் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு அதற்குள்ளேயே பதிக்கிறது. வழக்கமாக இது 20 பைட் நீளமுடையது. பதினாறடிமான முறையில் எழுதினால் 40 இலக்கங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் இடம் மாறினாலும் இந்த எண் மாறாது.

இதன்மேல் எழுந்ததே டீபக்இன்ஃபோடி என்ற சேவையகம். எல்ஃப்யூட்டில்ஸ் தொகுப்பின் பகுதியாக இது 2019இல் வெளியானது. பில்டு ஐடியையும் பதிவிலுள்ள பழைய பாதையையும் சேர்த்துக் கேட்டால், அந்த இயங்குகோப்பைத் தொகுக்கப் பயன்பட்ட அதே மூலக்கோப்பை இது இணையம் வழியே அனுப்புகிறது. பழைய பாதை இப்போது வட்டில் தேட வேண்டிய இடமாக இல்லை. நூலகத்தில் நூலைக் கேட்கும் வரிசை எண் போலப் பயன்படுகிறது. 2020இல் வெளியான பத்தாம் பதிப்பு முதல் ஜிடிபி இச்சேவையைப் பயன்படுத்துகிறது.

விண்டோஸ் உலகில் இதே நோக்கம் வேறு வழியில் நிறைவேறியது. மூலக்கோப்பைப் பதிப்பு மேலாண்மைக் கருவியிலிருந்து எடுப்பது எப்படி என்ற குறிப்பைப் பிடிபி கோப்புக்குள் பதிக்கும் ஏற்பாடு முதலில் வந்தது. பின்னர் டாட்நெட் நிரல்களுக்காகச் சோர்ஸ் லிங்க் என்ற முறை வந்தது. தொகுத்த கணினியின் பாதையை இணைய முகவரியோடு இணைக்கும் பட்டியலை அது பதிக்கிறது. எந்தப் பதிப்பிலிருந்து தொகுக்கப்பட்டது என்பதும் அந்த முகவரியில் அடங்கியிருப்பதால், சரியான மூலமே கிடைக்கிறது.

பாதையைப் பதிவதன் மறுபக்கம்

முழுப்பாதையைப் பதிவதால் வேறு சிக்கல்களும் உண்டு. /ஹோம்/மணி/கடன்/வட்டி.சி என்ற பாதை இயங்குகோப்பில் இருந்தால், தொகுத்தவரின் பயனர் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மேலும் ஒரே மூலத்தை இரண்டு பேர் வெவ்வேறு கோப்புறைகளில் தொகுத்தால் இரண்டு வெவ்வேறு இயங்குகோப்புகள் கிடைக்கும். மூலத்துக்கும் இயங்குகோப்புக்கும் இடையில் எவரும் எதையும் நுழைக்கவில்லை என்று சரிபார்க்க விரும்புவோருக்கு இது தடையாகிறது. 2013 முதல் டெபியன் திட்டத்தில் நடந்துவரும் மறுதொகுப்பு முயற்சி இதைப் பெரிதாகக் கவனத்தில் கொண்டது.

ஜிசிசி தொகுப்பியில் 2008இல் வெளியான 4.3 பதிப்பு முதல், வழுநீக்கத் தகவலில் எழுதும் பாதையின் முற்பகுதியை மாற்ற ஒரு விருப்பம் உள்ளது. 2018இல் வெளியான எட்டாம் பதிப்பில், நிரல் உரைக்குள் வரும் கோப்புப் பெயர்களுக்கும் சேர்த்து மாற்றும் விருப்பம் வந்தது. இவற்றால் தனிப்பட்ட பாதைக்குப் பதிலாக எங்கும் ஒரே மாதிரியான பாதையை எழுதலாம். அப்படி எழுதிய பாதை எந்தக் கணினியிலும் உண்மையான இடமாக இருக்காது. எனவே முகப்பிலோ வழுநீக்கியிலோ பாதை மாற்று விதி கட்டாயமாகிவிடுகிறது.

நடைமுறைக் குறிப்பு

மூலம் கிடைக்கவில்லை என்று வழுநீக்கி சொல்லும்போது, முதலில் பதிவில் என்ன உள்ளது என்பதைப் பார்க்க வேண்டும். ஜிடிபியில் இன்ஃபோ சோர்ஸ் என்ற கட்டளை, நடப்பு மூலக்கோப்பின் பெயரையும் தொகுப்பு நடந்த கோப்புறையையும் காட்டும. அப்பாதையின் எந்தப் பகுதி இப்போது மாறியுள்ளது என்று கண்டறிந்து, அதற்கு மட்டும் மாற்று விதி எழுதினால் பெரும்பாலான சிக்கல்கள் தீரும். கோப்பு கிடைத்தபின், அது தொகுத்தபோது இருந்த அதே கோப்புதானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். வெற்று வரியிலோ குறிப்புரையிலோ அம்புக்குறி நின்றால், அல்லது மாறிகளின் பெயர்கள் திரையிலுள்ள உரையோடு ஒத்துப்போகாவிட்டால், திறந்திருப்பது வேறு பதிப்பு என்று ஐயுற வேண்டும்.